கோரைக்கு வாங்கிய மருந்து

ஞாயிற்றுக்கிழமை முழுக்க இடுப்பு ஒடியக் களையெடுத்த பாத்தியில், அடுத்த சில நாளிலேயே கோரை ஊசி ஊசியாகத் தலைதூக்கி நின்றால் யாருக்குத்தான் பகீரென்று இருக்காது? கேக்கம்மாவுக்கு அப்படித்தான் இருந்தது. பல் துலக்கிக்கொண்டே பின்வாசலுக்கு வந்தவள், வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

கேக்கம்மா என்பது தெரு வைத்த பெயர். கடைவீதி பேக்கரியில் கேக்கின் மேல் எழுத்து எழுதுகிற வேலை அவளுக்கு. பட்டர் பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி, அதில் கிரீமை அடைத்து, நுனியைக் கத்தரித்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே இழுப்பில் ‘இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்’ என்று எழுதுவாள். ‘ழ்’ போடும்போது மட்டும் நாக்கு நுனி வெளியே எட்டிப்பார்க்கும். ஒருமுறை யாரோ தொலைபேசியில், “மாமாவுக்கு அறுபது, வாழ்த்து எழுதிடுங்க” என்று சொல்ல, இவளும் ‘மாமாவுக்கு அறுபது வாழ்த்துகள்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். மீதி நாற்பது வாழ்த்து எங்கே என்று கேட்டு அந்த மாமாவே கடைக்கு வந்துவிட்டார். அன்றிலிருந்து யார் என்ன சொன்னாலும், “நீங்க சொன்னதைத் திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்க” என்று கேட்டுக்கொண்டுதான் கிரீமில் கை வைப்பாள். பேக்கரியில் அவ்வளவு சூதானம். வீட்டில் அந்தச் சூதானத்தை எங்கே கழற்றி வைத்தாளோ தெரியவில்லை, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

தோட்டம் என்றால் ஏக்கர் கணக்கில் நினைத்துக்கொள்ள வேண்டாம். சமையலறைச் சுவருக்கும் பின்பக்கச் சுற்றுச்சுவருக்கும் நடுவே, இரண்டு கட்டில் போட்டால் நிரம்பிவிடும் அவ்வளவு இடம். அதில் கத்தரி, வெண்டை, ஒரு வரிசை தக்காளி, மூலையில் புதினா. எல்லாம் கேக்கம்மா வைத்தது. வளர்ந்ததோ கோரை. கோரையைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, தெரியாதவர்களுக்குச் சொல்லிப் புரியாது. பிடித்து இழுத்தால் தண்டு மட்டும் சமர்த்தாகக் கையோடு வந்துவிடும். கீழே மண்ணுக்குள் கிழங்கு, கிழங்குக்குக் கீழே இன்னொரு கிழங்கு என்று குடும்பமாக உட்கார்ந்திருக்கும். கிழங்கை எடுக்காமல் தலையைக் கிள்ளினால், கிள்ளிய இடத்தில் ஒன்றுக்கு நாலாக வந்து நிற்கும்.

இத்தனைக்கும் அந்த வீட்டில் களையெடுக்க ஆள் இல்லாமல் இல்லை. மாமனார் இருந்தார். பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் லிஃப்டு ஓட்டியவர். தெருவில் அவருக்கும் லிஃப்டுக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. கடைசிச் சில வருஷம், கடைக்காரர்கள் பழைய லிஃப்டைக் கழற்றிவிட்டு, பட்டனை அமுக்கினால் தானே ஓடுகிற லிஃப்டை வைத்துவிட்டார்கள். இவரை வேலையைவிட்டு அனுப்ப மனம் வராமல், அதற்குள்ளேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்திருந்தார்கள். ஏறுகிறவர்கள் இவரைத் தாண்டிக் கையை நீட்டித் தாங்களே பட்டனை அமுக்கிக்கொள்வார்கள். அதற்குச் சம்பளமும் வந்தது. அந்த நாட்களைப் பற்றி மட்டும் அவர் வாயைத் திறக்கவே மாட்டார். ஓய்வு பெற்ற சூட்டோடு மனைவியும் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு கொஞ்ச காலம் மனுஷன் சுவரைப் பார்த்தபடியே கிடந்தார். அப்புறம் ஒருநாள் தானாக எழுந்து பின்வாசலுக்குப் போய், “நான் வேணா புல்லு பிடுங்கட்டுமாம்மா?” என்று கேட்டார். கேக்கம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அன்றிலிருந்து அதுதான் அவருக்கு உத்தியோகம். காலையில் மகன் சரக்குக் கிடங்குக்கும் மருமகள் பேக்கரிக்கும் கிளம்பிய கையோடு, ஒரு குட்டை முக்காலி, பழைய ஸ்க்ரூ டிரைவர், ஒரு தகரப் பேசின் என்று பின்பக்கம் போய்விடுவார். சாயங்காலம் அவள் வந்ததும் பேசினைத் தூக்கிக் காட்டுவார். “இன்னைக்கு மகசூல் பாத்தியா?” அதில் கோரை குவிந்திருக்கும். அவளும் மனசாரப் பாராட்டுவாள். பேக்கரியில் எல்லாரிடமும், “எங்க மாமா இருக்கிற வரைக்கும் எனக்குக் களை கவலையே இல்லை” என்று பீற்றிக்கொள்வாள். ஆனாலும் பாத்தியில் கோரை மட்டும் குறைந்தபாடில்லை. மண்ணைத் திட்டினாள். மழையைத் திட்டினாள். பக்கத்து வீட்டிலிருந்துதான் விதை பறந்து வருகிறது என்று அந்த வீட்டுக்காரியையும் மனசுக்குள் நாலு திட்டு திட்டினாள்.

குட்டு ஒருநாள் உடைந்தது. பேக்கரியில் அடுப்பு பழுதாகி, முற்பகலிலேயே எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கேக்கம்மா வீட்டுக்கு வந்து, தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் நுழைந்தவள், திறந்திருந்த பின்கதவு வழியாக மாமனாரைப் பார்த்தாள். முக்காலியில் உட்கார்ந்து, ஏதோ மெட்டை முணுமுணுத்துக்கொண்டு, கோரையைக் கழுத்தோடு கிள்ளிக் கிள்ளிப் பேசினில் போட்டுக்கொண்டிருந்தார். ஸ்க்ரூ டிரைவர் பக்கத்தில் சும்மா கிடந்தது. சரி, இன்றைக்குக் கை வலிக்கிறது போல என்று நினைத்தாள். அப்போது ஒரு கோரை, கிழங்கும் வேருமாக முழுசாக அவர் கையோடு வந்துவிட்டது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தண்டை மட்டும் ஒடித்துப் பேசினில் போட்டார். கிழங்கை வந்த குழிக்குள்ளேயே வைத்து, மண்ணைத் தள்ளி, கட்டை விரலால் நன்றாக அமுக்கினார்.

கேக்கம்மாவுக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. நாற்று நடுகிற மாதிரியல்லவா நடுகிறார்.

“மாமா, என்ன பண்றீங்க?”

லிஃப்டுக்காரர் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினார். திருடும்போது பிடிபட்டவர் முகம்தான் அது. “இல்லம்மா... கிழங்கு... அது உடைஞ்சு...”

“உடைஞ்சதை உள்ள வச்சு அமுக்குவாங்களா? நான் பாத்துக்கிட்டுத்தானே நிக்கிறேன்.”

அவர் பேசினைப் பார்த்தார். பிறகு மெதுவாக, “எல்லாத்தையும் எடுத்துட்டா...” என்றார்.

“எடுத்துட்டா நல்லதுதானே. அதுக்குத்தானே நாயா பேயா அலையறேன்.”

“எடுத்துட்டா நாளைக்கு...” என்று ஆரம்பித்தவர் மேலே சொல்லாமல் நிறுத்திக்கொண்டார்.

யாராவது கேக்கில் எழுதச் சொல்லும்போது பாதி வாக்கியத்தில் நிறுத்தியிருந்தால், மீதி என்ன என்று கேட்காமல் விட்டிருப்பாளா இவள்? இங்கே கேட்கவில்லை. கோபம் காதை அடைத்துவிட்டது. இத்தனை மாதம் ஞாயிற்றுக்கிழமை ஓய்வையெல்லாம் இந்தப் பாத்தியில் கொட்டியது நினைவுக்கு வந்தது. வாய்க்கு வந்ததைச் சொன்னாள். “வேலை வெட்டி இல்லாம உக்காந்துக்கிட்டு, எனக்கு வேலை வைக்கிறீங்களா மாமா?”

சொன்ன வேகத்தில் அது சுவருக்கு அந்தப் பக்கமும் போய்ச் சேர்ந்தது. அங்கே துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் மைக் அக்கா. அவளுக்குக் காதும் பெரிது, வாயும் பெரிது. லிஃப்டுக்காரர் முக்காலியை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

கேக்கம்மா கெட்டவள் இல்லை. மாலைக்குள் கோபம் தணிந்தது, பச்சாதாபமும் வந்தது. பாவம், வயசானவர், குனிந்து தோண்ட முடியவில்லை, சொல்ல வெட்கப்பட்டு இப்படிச் செய்திருக்கிறார் என்று தானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். அவருடைய கஷ்டத்தைத் தீர்த்துவைக்க வேண்டும் என்று விதைக்கடைக்குப் போனாள். கடைக்காரர் ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். “இந்த மருந்தை அடிங்க. வேர் வரைக்கும் இறங்கிடும். ஆனா உங்க செடி மேல மட்டும் பட்டுடாம பாத்துக்குங்க” என்றார்.

வீட்டுக்கு வந்து மாமனாரிடம் காட்டினாள். “ஞாயித்துக்கிழமை மருந்து அடிச்சிடறேன் மாமா. இனிமே நீங்க குனியவே வேண்டாம். நிம்மதியா உக்காந்திருக்கலாம்.”

“சரிம்மா” என்றார் அவர். பாட்டிலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவள் அதைக் குளியலறைக்குப் போகிற வழியில் உள்ள மேல் தட்டில் வைத்தாள்.

நடுவில் மழை வந்து மருந்தடிப்பது தள்ளிப்போனது. அவருக்கும் சளி பிடித்து இருமல் தொடங்கியது. மருத்துவர் ஒரு பாட்டில் இருமல் மருந்து எழுதிக் கொடுத்து, குடித்தால் நன்றாகத் தூக்கம் வரும் என்று சொல்லி அனுப்பினார். லிஃப்டுக்காரருக்கு மருந்து என்றால் வேப்பங்காய். குடித்தேன் என்று சொல்லிவிட்டு ஜன்னல் வழியே ஊற்றிவிடுவார். ஆகவே அன்று காலை கிளம்பும்போது கேக்கம்மா பாட்டிலையும் கரண்டியையும் அவர் கட்டிலருகே வைத்துவிட்டு, வாசலில் நின்று சத்தமாகவே சொன்னாள். “மாமா, மருந்து அங்க வச்சிருக்கேன். இன்னைக்கு நீங்க அதைக் குடிக்காம நான் விடப்போறதில்ல.” மைக் அக்கா தன் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள் என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டுமா?

மத்தியானம் பேக்கரியிலிருந்து மாமனாருக்குப் பேசினாள். “குடிச்சாச்சும்மா. தூக்கம் வருது, படுக்கறேன்” என்றார். குரல் என்னவோ போல் இருந்தது. சளி என்று நினைத்துக்கொண்டாள். அப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று சொல்லும்படி கணவன் காலையிலேயே கேட்டிருந்ததால், கிடங்குக்குக் கூப்பிட்டாள். அங்கே அவன் ஓட்டுவது சரக்கு தூக்குகிற வண்டி. எந்நேரமும் கடகடவென்று சத்தம்.

“என்னங்க, மாமா மருந்து குடிச்சிட்டாரு. படுத்துட்டாரு. நான் அப்புறம் பேசறேன், கிரீம் உருகுது.” அவ்வளவுதான். போனை ஏப்ரன் பைக்குள் போட்டுவிட்டுக் கூம்பைக் கையில் எடுத்தாள்.

இங்கேதான் நம் தமிழை ஒரு வார்த்தை திட்ட வேண்டியிருக்கிறது. காய்ச்சலுக்குக் கொடுத்தாலும் மருந்து. எலிக்கு வைத்தாலும் மருந்து. களைக்கு அடித்தாலும் மருந்து. பிழைக்கக் குடிப்பதும் மருந்துதான், சாகக் குடிப்பதும் மருந்துதான். ‘மருந்து சாப்பிட்டாரு’ என்றிருந்தால் ஒரு வம்பும் இல்லை. ‘மருந்து குடிச்சிட்டாரு’ என்று ஒருவர் போனில் சொன்னால், கேட்கிறவன் எதை நினைப்பான்? அதுவும், முந்தின வாரம் வீட்டில் நடந்த வாய்ச்சண்டையை மைக் அக்கா வாயால் கேட்டவன், மேல் தட்டில் இருக்கிற பாட்டிலைத் தினமும் குளிக்கப்போகும்போது பார்க்கிறவன் எதை நினைப்பான்? அவன் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டான். திரும்பத் திரும்ப அவளைக் கூப்பிட்டான். ஏப்ரன் பைக்குள் போன் அதிர்ந்தது. இரண்டு கையிலும் கிரீம், எடுக்கவில்லை அவள். அவன் மைக் அக்காவைக் கூப்பிட்டு, ஓடிப்போய்ப் பார்க்கச் சொன்னான்.

பேக்கரியின் கல்லாவில் இருந்த தொலைபேசி அடித்தபோது, கேக்கம்மா ஒரு திருமணநாள் கேக்கில் ‘என்றென்றும்’ எழுதிக்கொண்டிருந்தாள். முதலாளி எடுத்துக் கேட்டார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. ரிசீவரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, “அம்மா, உங்க மாமனாரு மருந்து குடிச்சிட்டாராம்” என்றார்.

கேக்கம்மா தலையைத் தூக்கவில்லை. ‘றெ’யின் கொம்பைச் சுழித்துக்கொண்டே, “ஆமா சார். நான்தான் குடிக்க வச்சேன்” என்றாள்.

கடையில் நின்ற ஆட்கள் அப்படியே சிலையாகிவிட்டார்கள். கேக்குக்காகக் காத்திருந்த தம்பதியில் கணவன் மனைவியின் கையைப் பிடித்து ஓரடி பின்னால் இழுத்தான். முதலாளி கல்லாவிலிருந்து எழுந்துவிட்டார். “நீங்களா?” என்றார்.

“பின்ன? அவரா குடிக்க மாட்டாரு. ஒரு வாரமா ஏமாத்திக்கிட்டு இருந்தாரு. இன்னைக்கு விடறதில்லன்னு காலையிலயே எடுத்துக் கிட்ட வச்சிட்டு வந்துட்டேன். இப்ப நிம்மதி.”

“ஆம்புலன்ஸ் வந்திருக்காம்மா” என்றார் முதலாளி. அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். கூம்பு கையிலிருந்து நழுவி ‘என்றென்றும்’ மேலேயே விழுந்தது.

எப்படி ஓடினாள், எந்தத் தெருவைக் கடந்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. பாதி வழியில் அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அட, இருமல் மருந்தை இவர்கள் அந்த மருந்து என்று நினைத்துவிட்டார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். வாசல் நிறையக் கூட்டம். “அக்கா, அது இருமல் மருந்துக்கா” என்று சொல்லிக்கொண்டே கூட்டத்தை விலக்கினாள்.

மைக் அக்கா அவள் முன்னால் ஒரு பாட்டிலை நீட்டினாள். கோரைக்கு வாங்கிய பாட்டில். மூடி இல்லை. உள்ளே ஒரு சொட்டு இல்லை. “பின்பக்கம் கிடந்துச்சு” என்றாள். மைக் அக்காவின் குரல் அவ்வளவு தாழ்ந்து யாரும் கேட்டதில்லை.

கேக்கம்மா பாட்டிலை வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள். காலையில் வாசலில் நின்று தான் கத்தியது காதுக்குள் கேட்டது. மருந்து அங்க வச்சிருக்கேன் என்றுதானே சொன்னாள். எந்த மருந்து என்று சொன்னாளா? குனியவே வேண்டாம், நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம் என்று அந்தப் பாட்டிலைக் காட்டிச் சொன்னவளும் அவள்தானே. ஐயோ, நான் என்ன சொன்னேன், அவர் என்ன புரிந்துகொண்டார்?

ஸ்ட்ரெச்சரில் லிஃப்டுக்காரர் கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தார். இரண்டு பேர் அவரை வண்டிக்குள் தூக்கியபோது, உடம்பு மேலே எழும்பியது தெரிந்து, “எந்த மாடி?” என்று முனகினார். ஆம்புலன்ஸ் ஊழியர் அவர் கன்னத்தைத் தட்டினார்.

“ஐயா, என்ன குடிச்சீங்க?”

“மருந்து.”

“எந்த மருந்து?”

“மருமக குடுத்தது” என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

ஊழியர் கேக்கம்மாவைத் திரும்பிப் பார்த்தார். கதவருகே நின்ற கூட்டமும் பார்த்தது. கிரீம் காய்ந்த விரல்களால் மாமனாரின் காலைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனை வரை உட்கார்ந்திருந்தாள்.

கிடங்கிலிருந்து நேராக வந்து சேர்ந்தான் கணவன். தலையில் பாதுகாப்புத் தொப்பி, உடம்பெல்லாம் தூசி. வந்தவன் அப்பாவைப் பற்றிக் கேட்பான் என்று அவள் எழுந்தாள். அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். “நீ என்ன சொன்ன அவரை?” என்றான்.

இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவன். அவள் கைச்சோற்றைத் தின்றவன். என்ன நடந்தது என்று அவன் கேட்கவில்லை. நீ என்ன சொன்னாய் என்று கேட்டான். கேக்கம்மா மறுபடி உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கேள்வியை அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

மருத்துவர் பார்த்தார், முகர்ந்தார், ரத்தம் எடுத்தார், கண்ணுக்குள் விளக்கடித்தார். பரிசோதனைகள் முடிவதற்குள் தூக்கம் கலைந்து லிஃப்டுக்காரரே எழுந்து உட்கார்ந்துவிட்டார். சுற்றிலும் பார்த்துவிட்டு, “யாருக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டார்.

“ஐயா, நீங்க குடிச்சது என்ன மருந்து?” என்றார் மருத்துவர்.

“இருமல் மருந்துங்க. கசப்பு தாங்கல. ரெண்டு கரண்டி சேத்தே குடிச்சிட்டேன்.” சொல்லி முடிப்பதற்குள் இருமினார்.

“அப்ப களைக்கு வாங்கின பாட்டில் எப்படிக் காலியாச்சு?”

ஒரு கணம் அவர் கை போர்வையைப் பிடித்தது. “அதுவா. செடிக்கு ஆகாதுன்னு பின்னால சாக்கடையில ஊத்திட்டேன்.”

மருத்துவர் சிரித்துவிட்டார். மகனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பாவின் தலையைக் கட்டிக்கொண்டு சின்னப் பையன் மாதிரி விசும்பினான். மனைவியிடம் வந்து, “பயத்துல ஏதோ கேட்டுட்டேன்” என்றான். அவள் தலையை ஆட்டினாள். ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும், மாலையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதற்குள் கதை தெருவெல்லாம் பரவி, அழுகை போய்க் கேலி வந்துவிட்டது. மைக் அக்கா பழைய குரலை மீட்டுக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்களும் வந்தார்கள். “நான்தான் குடிக்க வச்சேன்னு சொன்னியாமே” என்று ஒருத்தி, “எந்த மாடின்னு கேட்டாராமே” என்று இன்னொருத்தி. கணவன் எல்லாருக்கும் நடித்தே காட்டினான். வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கேக்கம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஒரு டம்ளர் வெந்நீரை எடுத்துக்கொண்டு மாமனாரின் அறைக்குப் போய், கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அடக்கி வைத்தது அங்கேதான் உடைந்தது.

“எல்லாரும் நம்பிட்டாங்க மாமா. நான் குடுத்திருப்பேன்னு. ஒருத்தராவது, அவ அப்படிச் செய்ய மாட்டான்னு சொல்லல. உங்க மகன்கூடச் சொல்லல.”

லிஃப்டுக்காரர் டம்ளரை வாங்கி வைத்துக்கொண்டார்.

“உன்னை மட்டுமாம்மா நம்பினாங்க? என்னையும்தானே. நான் குடிச்சிருப்பேன்னு.”

“அதான் பாருங்க. இப்படியா நினைப்பாங்க?”

“அவங்க தப்பா நினைக்கலம்மா” என்றார் அவர்.

கேக்கம்மாவுக்கு விளங்கவில்லை. பேக்கரிப் பழக்கம் இப்போதுதான் வாய்க்கு வந்தது. “மாமா, நீங்க சொன்னதை எனக்குத் திருப்பிச் சொல்லுங்க” என்றாள்.

“செடிக்கு ஆகாதுன்னு ஊத்தினேன்னு டாக்டர்கிட்ட சொன்னது பொய். நீ அந்தப் பாட்டிலை மேல வச்ச அன்னையிலேருந்து எனக்குத் தூக்கம் இல்ல. குளிக்கப் போனா கண்ணு அங்கதான் போகுது. காலையில எந்திரிச்சா, இனிமே கோரையும் இல்ல, நான் எதுக்குன்னு தோணுது. இன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் போனப்புறம் அதை எடுத்தேன். மூடியைத் தொறந்தேன்.” மூடியைத் திருகுவதுபோல் டம்ளரின் விளிம்பில் விரலைச் சுற்றினார். “தொறந்துட்டு, ரொம்ப பயந்துட்டேம்மா. அதான் ஓடிப்போய் ஊத்திட்டேன். ஊத்திட்டு, நீ வச்ச மருந்தை ரெண்டு கரண்டி குடிச்சிட்டுப் படுத்துட்டேன். கொஞ்ச நேரம் தூங்கினா போதும்னு இருந்துச்சு.”

கேக்கம்மா நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டாள். ஊரெல்லாம் பொய்யென்று சிரித்துக்கொண்டிருக்கிற விஷயம், காலையில் இந்தக் கட்டிலுக்கும் பின்வாசலுக்கும் நடுவே ஒரு மூடி திறக்கிற அளவு மெய்யாகி நின்றிருக்கிறது. தான் அன்பாக வாங்கிவந்து, தன் கையாலேயே தட்டில் வைத்தது. முன்னறையில் மறுபடி ஒரு சிரிப்பு அலை எழும்பி அடங்கியது. டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அழுதாள்.

“அவன்கிட்ட சொல்லிடாதம்மா” என்றார் லிஃப்டுக்காரர். “இப்பதான் சிரிக்கிறான்.”

“நான் சொல்ல மாட்டேன் மாமா. நீங்க சொல்லணும். நாளைக்கு அந்த டாக்டர்கிட்டயும் சொல்லணும். நான் கூடவே இருக்கேன், எங்கயும் போகல.”

அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். அவள் கையை விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் தலையாட்டுவதை நிறுத்தினார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கதவுப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள்.

“என்னங்க, அவங்களையெல்லாம் அனுப்பிட்டுக் கொஞ்சம் உள்ள வாங்க.”

முன்னறையில் சத்தம் ஓய்ந்து, வாசல் கதவு சாத்தப்பட்டது. கணவன் சிரிப்பு அடங்காத முகத்தோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். “என்ன, மறுபடியும் மருந்து குடிச்சிட்டாரா?” என்றான்.

இருவரும் சிரிக்கவில்லை. அவன் ஒருவர் முகத்திலிருந்து மற்றவர் முகத்துக்குப் பார்த்தான். சிரிப்பு மெல்ல மெல்ல அவன் வாயிலிருந்து இறங்கியது.

லிஃப்டுக்காரர் கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து மகனுக்கு இடம் விட்டார். “உக்காருடா” என்றார்.